அரசுப் பணத்தில் நடந்த ஆய்வை மக்களுக்குச் சொல்வது எப்படி: முதல்முறை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறோம். ஆய்வு முடிந்ததும் செலவுக் கணக்கும் இறுதி அறிக்கையும் அனுப்புகிறோம். அவற்றை முழுதாகப் படிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பணம் கொடுத்தவர்களோ கோடிக்கணக்கானவர்கள். அவர்களுக்கு ஒரு பக்கமாவது எழுதுவோம் என்று உட்காரும்போதுதான் காப்புரிமை, பதிப்புரிமை, வெளியீட்டுத் தடைநேரம், இணை ஆசிரியரின் கோபம் என்று ஒவ்வொன்றாகக் காலில் இடறும். முன்பே தெரிந்திருந்தால் அரைநாளில் தீரக்கூடிய இவை, தெரியாதபோது மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

முதல்முறையாக 600 முதல் 800 சொல் கட்டுரை எழுதப்போகிறவரையும் 15 நிமிடப் பேச்சுக்குத் தயாராகிறவரையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

1. தாள்களைச் சேருங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரே கோப்புறையில் இவை இருக்கட்டும்:

- நிதி ஒப்புதல் கடிதம். மானிய எண், மொத்தத் தொகை, தொடக்க, முடிவுத் தேதிகள் இதில்தான் இருக்கும்.
- நிதி நிறுவனம் கேட்கும் நன்றிக்குறிப்பு வாசகம். இதை உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். அவர்கள் தந்த சொற்களிலேயே போடுங்கள்.
- ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி, அதாவது சகமதிப்பீடு முடிந்து திருத்தங்கள் சேர்ந்த, இதழ் அச்சுக்கோக்கும் முன்னால் இருந்த உங்கள் கோப்பு. இதழின் வடிவமைத்த பிடிஎஃப் வேறு.
- பதிப்பகத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தம்.
- இணை ஆசிரியர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரு மின்னஞ்சல் ஒப்புதல்.
- மனிதர்கள் பங்கேற்ற ஆய்வானால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம்.

ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைத்தான் பலரும் தொலைத்துவிடுகிறார்கள். 'இறுதி', 'இறுதி2', 'உண்மையான இறுதி' என்று பத்துக் கோப்புகள் கிடக்கும்; எது ஏற்கப்பட்டது என்று இரண்டு வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தேதியோடு தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொரு பொறி படங்களில் இருக்கிறது. ஆய்வில் பங்கேற்க ஒருவர் தந்த ஒப்புதல், அவர் முகத்தைக் கட்டுரையில் போடுவதற்கான ஒப்புதல் ஆகாது. அதற்குத் தனிப் படிவம், தனிக் கையெழுத்து வேண்டும்.

2. வாய் திறக்கும் முன் தேதியைப் பாருங்கள்

ஆய்வில் காப்புரிமை பெறத்தக்க ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் போதாது. ஐரோப்பியக் காப்புரிமை விதிகளில், விண்ணப்பத் தேதிக்கு முன்பே கண்டுபிடிப்பைப் பொதுவில் சொல்லிவிட்டால் அதன் புதுமை போய்விடும். விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. அமெரிக்காவில், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. மாநாட்டுச் சுவரொட்டி, சகமதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் போடும் பிரீபிரிண்ட், இணையத்தில் ஏற்றிய ஆய்வேடு, பள்ளியில் ஆற்றிய உரை எல்லாமே பொதுவில் சொன்னதாகத்தான் கணக்கு. 'சும்மா ஒரு பேச்சுதானே' என்று நினைத்து இழந்தவர்கள் உண்டு.

அடுத்தது வெளியீட்டுத் தடைநேரம், செய்தியாளர்கள் எம்பார்கோ என்று சொல்வது. இதழ் குறித்த நேரத்துக்கு முன் உங்கள் கட்டுரை வெளியே வரக்கூடாது. நேச்சர் இதழுக்கு அது லண்டன் நேரப்படி மாலை 4 மணி. கோடை நேரம் முடிந்ததும் லண்டன் கடிகாரம் ஒரு மணி பின்னே நகரும் என்பதை மறந்து, பதிவை முந்தைய மணிக்கே தானாக வெளியாகும்படி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள்.

மொத்தக் கால அளவு: கட்டுரை வெளியாகும் நாளிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். காப்புரிமைக் கேள்விக்குப் பதில் வர மூன்று வாரம், முதல் வரைவுக்கு ஒரு வாரம், இணை ஆசிரியர்கள் படிக்க இரண்டு வாரம், படங்களுக்கும் திருத்தங்களுக்கும் மீதி. எழுதும் வேலை மட்டும் 12 முதல் 15 மணி நேரம் பிடிக்கும். 'ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்' என்று தொடங்காதீர்கள்.

3. பணம் போன வழியை வரையுங்கள்

கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். இதை முடிக்காமல் முதல் வரியை எழுதாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் இடமிருந்து வலமாக ஆண்டுகளைக் குறியுங்கள். ஒவ்வொரு ஆண்டின் கீழும் மூன்று விவரம்: யார் செய்தார், யார் பணம் கொடுத்தார், அப்போது எதற்காகச் செய்தார்.

எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, எல்லோருக்கும் பழக்கமான பிசிஆர் சோதனையை எடுத்துக்கொள்வோம். 1966-ல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர், ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவரோடு சேர்ந்து யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பணம் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையுடையது. நோக்கம், அவ்வளவு சூட்டில் உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று அறிவது மட்டுமே. 1969-ல் அதற்கு தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். 1976-ல் வேறொரு பல்கலைக்கழகக் குழு, டிஎன்ஏவை நகலெடுக்க அது வைத்திருக்கும் பாலிமரேஸ் நொதியைப் பிரித்தது. 1983-ல் கேரி முல்லிஸ், டிஎன்ஏவைச் சுற்றுச்சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கண்டார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க 90 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் அன்றைய நொதி செத்துவிடும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி அந்தச் சூட்டைத் தாங்கியது. அதைக் கொண்டு செய்த பிசிஆர் 1988-ல் வெளியானதும் குழாயை மூடி வைத்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட முடிந்தது.

இந்த வரைபடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முல்லிஸ் வேலை செய்தது ஒரு தனியார் நிறுவனத்தில். அதை மறைத்துவிட்டு 'அரசுப் பணத்தால் பிசிஆர் வந்தது' என்று எழுதினால், விவரம் தெரிந்த முதல் வாசகர் உங்களைப் பிடித்துவிடுவார். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. யாரும் காசு கொடுக்காத கேள்விக்குப் பொதுப்பணம் காசு கொடுத்தது, தனியார் அதைக் கருவியாக்கினார்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். உங்கள் வாதம் அப்போதுதான் பலப்படும்.

ஊர் முழுக்கச் சுற்றும் பழைய கதைகளையும் நம்பி எடுக்காதீர்கள். மின்சாரத்தால் என்ன பயன் என்று அமைச்சர் கேட்க, 'ஒருநாள் இதற்கு வரி போடுவீர்கள்' என்று மைக்கேல் ஃபாரடே சொன்னதாக ஒரு துணுக்கு உண்டு. அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிந்தைய எழுத்துகளில்தான் வருகிறது. டெஃப்லான் விண்வெளி ஆய்வின் கொடை என்பதும் தவறு. அது 1938-ல் டுபான்ட் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. நாசா தொடங்கியதே 1958-ல். ஒவ்வொரு கண்ணிக்கும் மூல ஆய்வுக்கட்டுரையைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் நன்றிக்குறிப்பைப் படித்து, நிதி கொடுத்தவர் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே தாளில் எழுதுங்கள்.

4. உங்கள் ஆய்வுக்கு இன்னும் பயன் வரவில்லையென்றால்

வரவில்லை என்றே எழுதுங்கள். 'எதிர்காலத்தில் புற்றுநோய்க்கு மருந்தாகலாம்' என்று ஒட்டவைப்பதுதான் இந்த வகை எழுத்தில் நடக்கும் மிகப்பெரிய அநியாயம். நோயாளிகளும் அதைப் படிக்கிறார்கள்.

நீண்டகால அளவீடு என்றால் அதன் தொடர்ச்சிதான் மதிப்பு. அன்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்து ஒரே வகைக் கருவியால் ஓசோனை அளந்துவந்தார்கள். அத்தனை ஆண்டு எண்கள் கையில் இருந்ததால்தான் 1985-ல் ஓசோன் சரிவை உறுதியாகச் சொல்ல முடிந்தது. ஓசோனை அழிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. நடுவில் ஏதோ ஒரு வருடம் 'இதனால் என்ன பயன்' என்று நிதியை நிறுத்தியிருந்தால் ஒப்பிட ஒன்றுமிருந்திருக்காது.

அடிப்படை அறிவியல் என்றால் அறிவதே நோக்கம் என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். 1969-ல் துகள்முடுக்கி கட்டப் பணம் கேட்ட இயற்பியலாளர் ராபர்ட் வில்சனிடம், நாட்டின் பாதுகாப்புக்கு இது உதவுமா என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டது. நேரடியாக எதுவுமில்லை, பாதுகாக்கத் தகுந்த நாடாக இதை ஆக்குவதைத் தவிர என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

5. எண்களை முழுதாகக் கொடுங்கள்

'ஆபத்து இரட்டிப்பு' என்று மட்டும் எழுதாதீர்கள். 1995-ல் பிரிட்டனில் ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் இரத்தக்கட்டு ஆபத்து இரண்டு மடங்காகிறது என்ற எச்சரிக்கை பரவியது. உள்ளே இருந்த எண்ணிக்கை, ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு ஆனது என்பதுதான். பீதியில் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அதன்பின் தேவையற்ற கருவுறுதல்களும் கருக்கலைப்புகளும் கூடின. எனவே எப்போதும் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்: எத்தனை பேரில், முன்பு எத்தனை, இப்போது எத்தனை.

எலியில் செய்தது என்றால் 'எலி' என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும், எட்டாவது பத்தியில் அல்ல. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. விலங்கு ஆய்வுகள் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம், மனிதருக்கும் பொருந்தும் என்று ஆய்வுக்கட்டுரையை மீறிச் சொல்லியிருந்தன. மிகைப்படுத்துவது செய்தியாளர்கள் மட்டுமல்ல என்று அதில் தெரிந்தது. பாதிக்கதை நம் மேசையிலேயே தொடங்குகிறது. மிகைப்படுத்திய குறிப்புகள் அதிகம் செய்தியானதற்கு வலுவான சான்றும் கிடைக்கவில்லை. மானத்தை விற்றும் லாபமில்லை.

'ஒன்று போட்டால் நூறு திரும்பும்' என்ற வருவாய்க் கணக்கையும் தள்ளி வையுங்கள். மனித மரபணுத் திட்டத்தில் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் 141 டாலர் பொருளாதாரப் பலன் என்று 2011-ல் ஓர் அறிக்கை சொன்னது. செலவையே பலனாகக் கூட்டிவிட்டார்கள் என்று விமர்சனம் எழுந்தது. அதைவிட, உங்கள் மானியத்தின் மொத்தத் தொகை, ஆண்டுகள், அதில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு கருவி, எவ்வளவு வேதிப்பொருள் என்று நான்கு வரி எழுதுங்கள். வாசகர் நம்புவது அதைத்தான்.

6. தமிழில் எழுதும்போது இடறும் சொற்கள்

'மாதிரி' என்ற ஒரு சொல்லை நாம் மூன்று வேலைக்கு வைத்திருக்கிறோம். இரத்த மாதிரி, கணினி மாதிரி, 'அதுமாதிரி'. 'மாதிரியில் இது தெரிந்தது' என்று எழுதினால் இரத்தத்திலா கணினியிலா என்று வாசகருக்குப் புரியாது. எடுத்த பொருளுக்கு 'கூறு' அல்லது 'சாம்பிள்' என்றும், கணிப்புக்குக் 'கணினிக் கணிப்பு' என்றும் பிரித்துவிடுங்கள்.

'அளவீட்டுப் பிழை 2 சதவீதம்' என்றால் நீங்கள் தப்பு செய்துவிட்டதாகப் படிப்பார்கள். 'இந்த எண் 2 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று எழுதினால் சண்டை இல்லை. 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்பதைப் பெரிய வேறுபாடு என்று எடுத்துக்கொள்வார்கள். 'தற்செயல் மட்டுமே காரணமென்றால் இப்படி வருவது அரிது' என்பதே நீங்கள் சொல்லவந்தது. 'கிருமி' என்று பொதுவாக எழுதி வைரஸையும் பாக்டீரியாவையும் கலக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது என்ற செய்தி அந்த ஒரு சொல்லில் தொலைந்துவிடும்.

வாக்கியம் எப்படி மாற வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம்:

முன்: 'மாற்றியமைக்கப்பட்ட களிமண் ஊடகத்தின் ஃபுளோரைடு பரப்புக்கவர்ச்சித் திறன் ஆய்வகச் சூழலில் மதிப்பிடப்பட்டுக் குறிப்பிடத்தக்க முடிவுகள் பெறப்பட்டன.'

பின்: 'ஒரு லிட்டர் நீரில் 4 மில்லிகிராம் இருந்த ஃபுளோரைடு, சுட்ட களிமண் வடிகட்டியில் இறங்கிய பின் 1 மில்லிகிராமுக்கும் கீழே வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 1.5. இதுவரை ஆய்வகத்தில் மட்டும் பார்த்திருக்கிறோம். வடிகட்டி எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியவில்லை.'

முதல் வாக்கியத்தில் செய்தவர் யாருமில்லை, அளவு இல்லை. இரண்டாவதில் வாசகர் தன் குவளையோடு ஒப்பிட ஓர் எண் இருக்கிறது. 'தெரியவில்லை' என்ற கடைசி வரியை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

7. படமும் உரிமமும்

உங்கள் ஆய்வுக்கட்டுரையில் உள்ள உங்கள் படமே உங்களுடையது இல்லாமல் போகலாம். பதிப்புரிமையை ஒப்பந்தத்தில் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுத்திருந்தால், அதை மீண்டும் போட அனுமதி தேவைப்படலாம். தரவுகளிலிருந்து புதிதாக வரைந்துவிடுவது எளிது.

பிறர் படைப்பை எடுத்தால், எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டிச் சொல்லிவைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் எழுத்துகளைக் கவனியுங்கள். 'பை' (BY) மட்டும் இருந்தால் ஆக்கியவர் பெயர், மூலச் சுட்டி, உரிமத்தின் பெயர், செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். 'என்சி' (NC) இருந்தால் வணிக இதழுக்குத் தர முடியாது. 'என்டி' (ND) இருந்தால் மாற்றியமைத்து வெளியிடக்கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றியமைத்தல்தான். 'என்டி' உரிமம் உள்ள கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட்டு, பிறகு இறக்க நேர்வது உண்டு. உங்கள் தமிழ்க் கட்டுரைக்கு 'பை' உரிமம் கொடுங்கள். ஆசிரியர்களும் சிறு இதழ்களும் கேட்காமலே எடுத்துப் பரப்புவார்கள்.

வரைபடத்தில் தமிழ் எழுத்து ஒரு தனித் தலைவலி. பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரையப் பயன்படும் மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகளில் 'கொ', 'கை' போன்றவற்றின் கொம்பும் சங்கிலியும் இடம் மாறி விழும். வரைபடத்தை எழுத்தில்லாமல் எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து யூனிகோடு எழுத்துருவில் பெயர்களைச் சேருங்கள். சிவப்பு, பச்சையை மட்டும் வைத்து வேறுபாடு காட்டாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12-ல் ஒருவருக்கு அவை பிரித்துத் தெரியாது, மற்ற இனத்தவரிலும் கணிசமானோர் உண்டு. கோட்டின் வடிவத்தையும் மாற்றுங்கள்.

8. இரண்டு பேரிடம் கொடுங்கள்

ஒருவர் துறை தெரிந்தவர், ஒருவர் அறவே தெரியாதவர். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். படித்துமுடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, 'என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், யார் பணம், இன்னும் என்ன தெரியவில்லை' என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் குறை உங்கள் கட்டுரையில்தான்.

9. செலவு

கட்டுரைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் நேரம்தான். பெரிய செலவு, மூல ஆய்வுக்கட்டுரையை எல்லோரும் படிக்கத் திறந்து வைப்பதில் வரும். பொதுப்பணத்தில் நடந்ததைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைத்துவிட்டு மக்களுக்கு விளக்குகிறேன் என்பது சரியாக இராது. ஆனால் அதற்குப் பணம் கட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. இப்படித் திறந்து வைக்கும் திறந்த அணுக்கத்துக்கு நேச்சர் இதழ் 2021-ல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்றக் காசில்லை. பல பதிப்பகங்கள் 6 அல்லது 12 மாதம் கழித்து அனுமதிக்கின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதி என்றால், 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்பட்ட கட்டுரைகளுக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. தரவுகளை, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம். டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும்.

படம் வரைபவருக்கும் மொழி திருத்துபவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். அதை மானிய விண்ணப்பம் எழுதும்போதே 'ஆய்வுப் பரப்பல்' என்ற தலைப்பில் கேளுங்கள். மானியம் முடிந்த பிறகு அந்தத் தலைப்பைச் சேர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

10. வெளியான பிறகு

'என் வரிப்பணத்தை ஏன் இதற்குச் செலவழித்தீர்கள்' என்ற கேள்வி நிச்சயம் வரும். கோபப்படாதீர்கள், கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆய்வு முழுதையும் விளக்கவும் தொடங்காதீர்கள். தொகை இவ்வளவு, கேட்ட கேள்வி இது, கிடைத்த பதில் இது என்று மூன்று வரி போதும். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் அதையும் அதே வரியில் சொல்லுங்கள்: 'இந்த முறை வேலை செய்யாது என்று தெரிந்தது, அடுத்தவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.'

தவறு சுட்டப்பட்டால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். கட்டுரையின் தலையில் தேதியும் எது மாறியது என்ற ஒரு வரியும் போடுங்கள். முதல் இரண்டு நாள் தினமும் அரைமணி நேரமாவது கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலான கேள்விகள் அப்போதுதான் வரும். இரண்டு வாரம் கழித்து, கேட்கப்பட்ட கேள்விகளையும் கட்டுரையின் சுட்டியையும் மானிய எண்ணோடு சேர்த்து நிதி நிறுவனத்துக்கு ஒரு பக்கமாக அனுப்புங்கள், பிரதி ஒன்றை அந்த முதல் கோப்புறையில் போட்டுவையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் ஆய்வுப் பரப்பலுக்குப் பணம் கேட்கும்போது இணைக்க வேண்டிய தாள் அதுதான்.